பவுனில் வந்த ரோமாபுரித் தலை

பட்டணத்து அலங்காரப் பொருள் கடைகளில் தலையும் மார்பும் மட்டும் உள்ள வெள்ளைச் சிலை ஒன்றைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் விழும் மயிர், எடுப்பான மூக்கு. அவர்தான் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ். அச்சில் சுண்ணச் சாந்து ஊற்றி எடுத்த நகல் அது. சரித்திரப் பிரியர்கள் ஆசையோடு வாங்கி வீட்டில் வைக்கிறார்கள்.

'பெக்கோக் பக்கம் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த நமக்கும் அந்தச் சக்கரவர்த்திக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு, வாசகர்களே!

முதலில், நகல்தானே என்று ஏளனம் வேண்டாம். அகஸ்டஸ் உயிரோடு இருந்தபோதே அவர் முகத்தின் மாதிரி நாடெங்கும் போனது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் சிற்பிகள் செதுக்கினார்கள். நம் பள்ளிக்கூடங்களில் மாமன்னர் படம் மாட்டியிருக்கிறதல்லவா, அதைப் போலத்தான். கி.பி. 14-இல் 75 வயதில் அவர் இறந்தார். ஆனால் சிலைகளில் அவருக்கு மூப்பே கிடையாது. இளமை முகத்தையே திரும்பத் திரும்ப நகல் எடுத்தார்கள்.

நம் முன்னோரிடம் ரோமாபுரி முகம் காசாக வந்து சேர்ந்தது. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்குத் தங்கத்தோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றில் இருக்கிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் அந்த முதலாம் நூற்றாண்டிலேயே புலம்பி எழுதினார்.

அகஸ்டஸ் காலத்துத் தங்கக் காசின் எடை ஏறக்குறைய 8 கிராம். நம் தாய்மார்கள் கணக்குப் பார்க்கும் ஒரு பவுனும் அதே 8 கிராம்தான்! பிற்காலத்தில் இங்கிலாந்து அரசர் தலை போட்ட பவுனைக் கோத்து நம் பாட்டிமார் காசுமாலை போட்டார்கள். அதேபோல ரோமாபுரிக் காசையும் துளையிட்டுக் கழுத்தில் அணிந்தவர்கள் அன்றைய இந்தியாவில் இருந்தார்கள்.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. காசு இனிச் செல்லாது, தங்கமாக மட்டுமே மதிக்க வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரோமாபுரியில் அந்த முகத்துக்கு மரியாதை செய்தார்கள். நம் பக்கத்தில் அதை எடை போட்டுப் பார்த்தார்கள்.

எல்லார் கையிலும் தங்கம் புரளுமா? தெலங்கானாவில் உள்ள கொண்டாப்பூரில் மண்ணைத் தோண்டியபோது, அகஸ்டசுக்குப் பின் ஆண்ட டைபீரியசின் காசைப் போலக் களிமண்ணில் செய்த பதக்கங்கள் கிடைத்தன. கோத்து அணிவதற்குத் துளையும் வைத்திருந்தார்கள். தங்கம் வாங்க முடியாத ஏழைப் பெண்கள் அதை அணிந்திருக்கலாம். அசல் பவுன் அடகுக் கடையில் இருக்க, முலாம் பூசிய சங்கிலியோடு கல்யாண வீட்டுக்குப் போன தாய்மார்களுக்கு அந்தப் பெண்களின் மனம் புரியாதா?

சக்கரவர்த்தி முகத்தின் நகல், ஆக, நமக்குப் புதிதல்ல. கடையில் அந்தச் சிலையைக் காட்டி "யாரம்மா இவர்?" என்று பிள்ளை கேட்டால், "ஏதோ வெள்ளைக்காரன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மிளகுக் கதையைச் சொல்லுங்கள். கப்பலேறி ரப்பர்க் காட்டுக்கு வந்த நாளோடுதான் நம் சரித்திரம் தொடங்கியது என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த மிளகைப் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டிய கைகளுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. நம் தாத்தா பாட்டிக்கும் இல்லை. அவர்கள் படம் பழைய அடையாளக் கார்டில் மட்டும் இருக்கிறதென்றால், இந்த வாரமே அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். பேரும், வேலை செய்த தோட்டமும், ஆண்டும் கீழே எழுதி வையுங்கள். அதுவும் நகல்தான். ஆனால் நம் வீட்டுச் சரித்திரத்துக்கு அதுவே மூலம்.