தண்ணீருக்கும் வேண்டும் மீட்டர்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிகாலையில் ஒரு சத்தம் கேட்கும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, முதலில் சன்ஷேடில் சொட்டி, பிறகு ஹோவென்று கொட்டும் சத்தம். மோட்டாரைப் போட்ட வாட்ச்மேன் வீடு வீடாகப் பால் பாக்கெட் வைத்துக்கொண்டிருப்பார். யாராவது பால்கனியிலிருந்து குரல் கொடுக்கும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரோடு கரன்ட்டும்தான் கொட்டுகிறது. இருநூறு அடி போரிலிருந்து ஆயிரம் லிட்டரை நான்கு மாடிக்கு மேல் ஏற்ற, சாதாரண மோட்டார் ஏறக்குறைய அரை யூனிட் தின்னும். சென்னையை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க, அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் ஆகிறது.

கரன்ட் என்றால் நமக்கு எவ்வளவு உஷார்! ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் மீட்டரை எட்டிப் பார்க்கிறோம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்; "ஏசியை அணைடா" என்று பாட்டி அதட்டுவது அதனால்தான். அதே வீட்டில் ஆர்.ஓ. கருவியின் மெல்லிய குழாய், குடம் நிரம்புவதற்குள் இரண்டு, மூன்று குடம் தண்ணீரைச் சிங்க்கில் விடுகிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பக்கெட்டில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

இந்த அலட்சியத்துக்குக் குணக்கேடு காரணமல்ல, கணக்கு இல்லாததுதான் காரணம். பெரும்பாலான குடியிருப்புகளில் லாரித் தண்ணீர்ச் செலவும் மோட்டார் மின்கட்டணமும் மெயின்டனன்ஸில் சமமாகப் பங்கு போடப்படுகின்றன. தனியாக வசிக்கும் முதியவரும், தினமும் காரைக் குழாய் வைத்துக் கழுவுபவரும் ஒரே தொகை தருகிறார்கள். சிக்கனமாக இருப்பவர்தான் இளித்தவாயர்.

எனவே, புதிய அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் இல்லையென்றால் பணிநிறைவுச் சான்றிதழே தரக் கூடாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதும் 'நடக்கிற காரியமா' என்றுதான் கேட்டார்கள். நடந்தது. பராமரிக்காமல் தொட்டிகளை மண் மூடவிட்டது நம் தவறு.

தண்ணீர் உரிமையாயிற்றே, அதற்கு மீட்டரா என்பார்கள். நியாயமான கேள்வி. மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருவதுபோல், நபருக்கு இவ்வளவு லிட்டர் என்று அடிப்படைத் தேவையை விட்டுவிட்டு, அதற்கு மேல் மட்டும் கணக்குப் பார்க்கலாம். நகரங்களுக்கான 135 லிட்டர் என்ற அரசு அளவுகோல் கையிலேயே இருக்கிறது.

பழைய கட்டடங்களில் சிக்கல் உண்டு என்பதை மறுக்கவில்லை. சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று மாடியிலிருந்து தனித்தனியாக இறங்குவதால் வீட்டுக்கு ஒரே மீட்டர் போதாது. அவற்றுக்கு அவகாசமும் மானியமும் கொடுக்க வேண்டும். ஆனால் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் தானியங்கி சுவிட்சுக்கு எந்த அவகாசமும் தேவையில்லை; எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் மாட்டிவிடுவார்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது ஒரு பக்கெட்டில் குளித்த அதே வீடுகளில்தான் இப்போது சன்ஷேடில் கொட்டுகிறது. இந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட், பெயின்ட், பார்க்கிங் சண்டைக்கு முன்பாக இந்த மீட்டர், சுவிட்ச் விஷயத்தை எடுத்துக்கொள்ளட்டும்.