பயிற்சி கொடுத்தவன் கணக்குச் சொல்லட்டும்



வெளியூர் வேலைக்கு நம்மைக் கூட்டிப்போகும் மேஸ்திரி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று 1979-இலேயே சட்டம் வந்தது. அயல்நாட்டுப் போலீசுக்குத் துப்பாக்கி பழக்க ஆள் அனுப்புகிறவனை யார் கேட்பது?

1984-இல் இலங்கைப் போலீசில் சிறப்பு அதிரடிப்படை உருவானது. அதைப் பழக்கியது கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் கம்பெனி. கிழக்கு மாகாணத் தமிழர்கள் செத்தார்கள். தனியார் விவகாரம் என்று பிரிட்டிஷ் அரசு கைகழுவியது. கம்பெனி ஆட்கள் மீது லண்டன் போலீஸ் விசாரணை தொடங்கியதோ 2020-இல். முப்பத்தாறு வருஷம்!

ஸ்காட்லாந்து போலீசும் பல ஆண்டுகள் இலங்கைப் போலீசுக்குப் பயிற்சி தந்தது. புலம்பெயர்ந்த தமிழர்களும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் கேட்ட பிறகே, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2021 நவம்பரில் அறிவித்தது. கேட்டால் நடக்கிறது.

நம் டில்லி சர்க்கார்? 2012-இல் தாம்பரத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி என்றதும் தமிழகம் கொதித்தது. உடனே அவர்களை பெங்களூர் எலகங்காவுக்கு மாற்றினார்கள். நம் ரயில்வே பாஷையில், வண்டியை நிறுத்தவில்லை, தடத்தை மாற்றினார்கள்.

விஜயபுரத்திலிருந்து நம் எம்.பி.க்கு மனு போகிறது. எந்த நாட்டுப் போலீசார் எத்தனை பேர், இங்கே என்ன கற்றார்கள், அவர்கள்மேல் என்ன புகார் என்ற விவரம் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட ஞாயிறன்று சங்கத்துக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.