வட்டி ஏறுகிறது, வாசற்படி விலகுகிறது!

சொந்த வீடு கட்டு, குடும்பம் நிமிரும் என்று ஊருக்கு ஊர் விளம்பரப் பலகைகள் அழைக்கின்றன. அழைப்பை நம்பி வங்கியின் வாயிலை மிதிக்கிறான் எழுத்தன். ஆலைத் தொழிலாளி மிதிக்கிறான். நீட்டிய தாள்களிலெல்லாம் கையொப்பமிடுகிறான். 'வட்டி மாறுதலுக்கு உட்பட்டது' என்று அத்தாளிலே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் தன் இருபதாண்டு வாழ்வை ஆளப்போகிறது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் யார்?

நடந்ததைக் கூறுவோம். வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கு இந்திய ரிசர்வ் வங்கி வாங்கும் ரெப்போ வட்டி, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் அது 6.5 விழுக்காடு. ஒன்பதே மாதங்களில் இரண்டரை விழுக்காடு ஏற்றம்! 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியில் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்கள் இத்தகைய வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவை. ஆகவே மும்பையில் ஏறிய வட்டி, மூன்று திங்களுக்குள் கடனாளியின் தலையில் இறங்கிற்று.

ஏழை எளியோர் வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு தந்துவந்த வட்டி மானியம் முடிந்தது 2022 மார்ச் 31-இல். வட்டி ஏற்றம் தொடங்கியது மே 4-இல். குடையைப் பறித்துக்கொண்டு மழையில் நிறுத்தினர்! புதிய வடிவில் மானியம் திரும்பியது 2024 செப்டம்பரில். அதுவரை நனைந்தவன் நனைந்தவனே.

பள்ளியில் வட்டிக் கணக்குக் கற்பிக்கும் நாம், கணக்கையும் போட்டுக் காட்டுகிறோம். கடன் 30 இலட்சம் ரூபாய். காலம் 20 ஆண்டு. வட்டி 7 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானால் 27,960 ரூபாய். மாதந்தோறும் 4,700 ரூபாய் கூடுதல்! சம்பளம் அவ்வளவு கூடியதா? இல்லை. எனவே பால் குறைகிறது, பழம் மறைகிறது, மகளின் கல்லூரிக் கனவு கலைகிறது.

"தவணையை ஏற்றவில்லை, காலத்தை நீட்டுகிறோம்" என்பர் கருணை வள்ளல்கள். அந்தக் கருணையையும் எடைபோடுவோம். 30 இலட்சத்துக்கு 9.5 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது! கட்டக் கட்டக் கடன் கரையவேண்டும். இங்கே கட்டக் கட்டக் கடன் வளர்கிறது. நூறாண்டு நீட்டினும் தீராது. காலத்தை நீட்டுவதால் கடன் இவ்வாறு வளரக்கூடாது என்றும், தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடனாளியே தேர்ந்தெடுக்கட்டும் என்றும் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. எப்போது? 2023 ஆகஸ்டில், வட்டி உச்சிக்கு ஏறி ஆறு மாதம் கழித்து!

விலைவாசியை அடக்க வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். 2022 ஏப்ரலில் சில்லறை விலை உயர்வு 7.79 விழுக்காடு, அதனால் வாடியவர்களும் ஏழைகளே. ஆனால் எண்ணெய் விலையை ஏற்றியவன் ஒரு படுக்கையறை வீடு வாங்கியவனா? போரை மூட்டியவன் அவனா?

வட்டி ஏறினால் வீட்டு விலை இறங்கும் என்று ஏடு சொல்கிறது. நாடு சொல்வது வேறு. ரிசர்வ் வங்கியின் அகில இந்திய வீட்டு விலைக் குறியீடு அவ்வாண்டிலும் ஏறவே செய்தது. மனை வைத்திருப்பவன் காத்திருப்பான். கட்டுநன் தன் கடன் வட்டியையும் விலையில் ஏற்றுவான். கைப்பணம் உள்ளவன் வாங்குவான். கடன் ஒன்றே கதியானவன் வாடகை வீட்டுக்குத் திரும்புவான்.

2025-ஆம் ஆண்டில் ரெப்போ வட்டி படிப்படியாக 5.25 விழுக்காட்டுக்கு இறங்கியது உண்மை. இடையில் கட்டிய வட்டி திரும்பி வந்ததா?

நாம் கேட்பது பிச்சையன்று. இரண்டரை விழுக்காடு ஏறினால் தவணை எவ்வளவு என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே தமிழில், பெரிய எழுத்தில், ரூபாய்க் கணக்கில் எழுதிக் கொடுங்கள். சிறு வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறக்கூடிய எல்லையைச் சட்டத்தால் கட்டுங்கள். 1961-இல் தோன்றிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் போன்ற பொது அமைப்புகள், எளியவர் வாங்கத்தக்க வீடுகளை ஏராளமாகக் கட்டட்டும்.

விலைவாசிப் போரில் வீடற்றவனைக் கேடயமாக்காதீர்! கூரை கேட்டவன் தலையில் உத்தரத்தை இறக்குவது ஆட்சியுமன்று, அறமுமன்று!