மருந்து அடிப்பவருக்கும் தெரிய வேண்டும்

செஞ்சியைச் சுற்றியுள்ள நெல், மணிலா வயல்களில் கூலிக்கு மருந்து அடிப்பவரும் ரசாயனத் தொழிலாளிதான். 1984 போபால் நச்சுவாயுத் துயரத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்ந்தது. ரசாயனத்தின் தீங்கையும் தற்காப்பையும் தொழிலாளியிடம் சொல்வது ஆலை நிர்வாகத்தின் கடமையானது. அந்தச் சட்டம் வயலுக்கு வரவில்லை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் நச்சின் அளவைக் காட்டும் நிறமும், உள்ளே துண்டுப்பிரசுரமும் உண்டு. சிவப்பு என்றால் கடும் நஞ்சு. ஆனால் அவை போய்ச் சேர்வது வாங்குகிறவரிடம். கலக்கிய தெளிப்பானை முதுகில் சுமப்பவர் அந்த நிறத்தைப் பார்ப்பதேயில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் பலர் மாண்டார்கள்; அவர்களில் கூலியாட்களும் இருந்தார்கள்.

வருடக்கணக்காக அடிப்பவருக்குத் தெரியாததா என்று கேட்பார்கள். அனுபவம் கை வேகத்தைத் தரும். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பதை அது சொல்லித் தராது. நனைந்த சட்டையோடு மாலை வரை நிற்பது அது தெரியாததால்தான். சிறு விவசாயிக்குச் செலவு என்பதும் பொருந்தாது. கையுறைக்குப் பணம் வேண்டும், உண்மைதான். கலக்கும் முன் லேபிளை வாய்விட்டுப் படித்துக் காட்டக் காசு வேண்டாம். மயங்கி விழுந்தவரோடு டப்பாவும் மருத்துவமனைக்குப் போனால், நஞ்சுமுறிவு மருந்தான அட்ரோபின் தேவையா என்பதை மருத்துவர் விரைவில் முடிவு செய்யலாம். பூச்சிமருந்துக் கடைக்காரர்கள் துண்டுப்பிரசுரத்தின் தனிப் பிரதியைக் கூலியாளுக்கென்று தமிழில் கொடுக்கட்டும். வேளாண் துறை அதைக் கட்டாயமாக்கட்டும்.