அடித்தளத்திற்கு முன் மண்ணைக் கேட்போம்

மலைநாட்டில் எங்கு தோண்டினாலும் பாறைதான் என்று நம் நீலகிரியில் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இங்குள்ள சார்னோகைட் பாறை நெடுங்கால மழையில் சிதைந்து, பல இடங்களில் ஆழமான செம்மண்ணாகிவிட்டது. அதனுள் சிதையாத உருண்டைக் கற்களும் புதைந்து கிடக்கின்றன. கடப்பாரையில் கல் தட்டியதும் பாறை கிடைத்ததென்று மகிழ்கிறோம். அடியில் மீண்டும் மண்ணே இருக்கலாம்!

மேலும், சரிவை வெட்டிக் கீழ்ப்புறம் கொட்டி மனையைச் சமமாக்குகிறோம். வீட்டின் பாதி இறுகிய நிலத்தில், மறுபாதி கொட்டிய மண்ணில். ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்தால் சுவர் வெடிக்காதா?

இதை முன்னரே அறிய வழியுண்டு. நிலத்தில் துளையிட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறதென்று எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால் மண் தளர்வானது. மனையின் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டிலும் இதைச் செய்தல் வேண்டும்.

2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நம் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாமா? சோதனை மழையை நிறுத்தாது. எந்த நிலம் தாங்கும், எது தாங்காது என்று சொல்லும். ஆதலால் வீட்டு வரைபடத்திற்கு முன்பே மண் சோதனை வேண்டும் என்பது எங்கள் கருத்து. லூக்கா நற்செய்தியில் வரும் மனிதனும் ஆழத் தோண்டிய பின்னரே பாறைமேல் அடித்தளமிட்டான்.