கட்டை போடுகிறவர்கள்

முன் டயர் இரண்டையும் மாற்றி, வீல் அலைன்மெண்ட்டும் முடித்து வீடு வந்த கார், பத்தியாளரின் இந்த வாரத்தையே கெடுத்துவிட்டது. சாலை நேர், கார் நேர், ஸ்டியரிங் மட்டும் கோணல். கடிகாரக் கணக்கில் 12இல் இருக்க வேண்டிய நடுக்கோடு 58ஆம் நிமிடத்தில் நின்றது. நிமிடத்துக்கு 6 டிகிரி என்றால் இடப்பக்கம் 12 டிகிரிச் சாய்வு. திரும்பிப் போய்க் கேட்டபோது கடைக்காரர் சொன்னது: "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார். வேணும்னா ஸ்டியரிங்கைக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டித் தரேன்."

இந்த "ஒரு பல்லு தள்ளி" வைத்தியத்தைப் பற்றி இங்கே முன்பும் கோபப்பட்டிருக்கிறார் பத்தியாளர். மறுபடியும் கோபப்படுகிறார். ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள்கம்பி நடுநிலை தவறினால் அறுந்துபோகும். அதைவிடப் பெரிய பிழை, நோயை விட்டுவிட்டு அறிகுறியை அழிப்பது. கோணல் கீழே சக்கரத்தில் இருக்கிறது. ஸ்டியரிங் அதை உள்ளபடி சொல்கிறது.

வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவாயிற்று. முதலில் சாலையை விலக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம்; மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகிறது. கார் இடப்பக்கம் இழுக்க, ஓட்டுகிறவர் தன்னை அறியாமலே ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடிப்பார். இங்கே சாய்வு இடப்பக்கம் என்பதால் குற்றம் சாலையுடையதல்ல. நான்கு டயரிலும் காற்று சரி. ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தால் எதுவும் தனியாகச் சுடவில்லை, ஆக பிரேக்கும் பிடித்திருக்கவில்லை.

அடுத்தது நூல். ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திக் கட்டிவிட்டு, காரின் இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில், காருக்கு இணையாக நூல் இழுத்துக் கட்ட வேண்டும். முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் பெரும்பாலும் ஒன்றாக இராது. அதனால் நூலை டயரில் ஒட்டிப் பிடிக்காமல், இருபுறமும் சக்கர மையத்திலிருந்து சம தூரத்தில் வைக்க வேண்டும். பிறகு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூல் எவ்வளவு தூரம் என்று அளந்தால் சக்கரம் எங்கே பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். பின்சக்கரங்கள் நேராக இருந்தன. முன்னால் இடச்சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 5 மில்லிமீட்டர் நூலை விட்டு விலகியிருந்தது. வலச்சக்கரத்தின் முன்விளிம்பு 4 மில்லிமீட்டர் நூலை நெருங்கியிருந்தது. இரண்டும் வலப்பக்கம் பார்க்கின்றன. கூட்டிக் கழித்தால் 1 மில்லிமீட்டர் உள்நோக்கு, அது இருக்க வேண்டியதுதான். மொத்தக் கணக்கு சரி, பங்கு பிரித்ததுதான் தவறு. அலைன்மெண்ட் பார்த்தபோது ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

திருத்தம் சுலபம். ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடுகளில் வெள்ளை பெயிண்டால் அடையாளம் வைத்துக்கொண்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஒன்றை நீட்டும் அளவுக்கு மற்றதைக் குறைக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பியபின் காரை முன்னும் பின்னும் உருட்டி மறுபடி அளக்க வேண்டும். தரையில் டயர் இறுகப் பிடித்துக்கொண்டு உண்மையான அளவைக் காட்டாது என்பதால், முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டிரண்டு தரை ஓடுகளை நடுவே கிரீஸ் தடவி வைத்திருந்தார் பத்தியாளர். காரைத் தூக்கும் முன் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் புளியங்கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

படுப்பதற்கு விரித்திருந்த பழைய நாளிதழில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. ஏதோ ஒரு பாலப் பணிக்கு யாரோ "முட்டுக்கட்டை" போடுகிறார்களாம்.

காரைக் காத்துக்கொண்டிருந்ததும் ஒரு முட்டுக்கட்டைதான்! நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்திருக்கும் அநியாயம் பத்தியாளருக்கு நெடுநாள் வருத்தம். திருவாரூரில் வளர்ந்தவர் அவர். ஆழித்தேர் வரும் நாளில் ஊரே வடத்தைப் பார்க்கும், கலசத்தைப் பார்க்கும், "ஆரூரா தியாகேசா" என்று குரல் எழுப்பும். சக்கரத்தடியில் குனிந்திருப்பவர்களைப் பார்ப்பவர் குறைவு. அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. அந்தத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. காரின் முன்சக்கரங்கள் திரும்பும். தேரின் சக்கரங்கள் திரும்பாது, அச்சோடு நேராகவே நிற்கும். வடம் பிடிப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேரானாலும் அவர்களால் இழுக்கத்தான் முடியும்.

செலுத்துவது கட்டை. தேர் இடப்பக்கம் ஒதுங்கினால் வலச்சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் முன்னேற, தேர் நேராகும். கட்டையைச் சாய்த்துப் போட்டால் சக்கரம் அதில் வழுக்கிப் பக்கவாட்டில் நகரும். எந்தக் கட்டையை, எந்தச் சாய்வில், எந்த நொடியில் என்பதெல்லாம் அவர்கள் கையில். செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளக் கிடைப்பது கண நேரம். கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்கு, அங்கிருந்து மேல வீதிக்கு, பிறகு வடக்கு வீதிக்கு என்று வலம் வருவதால் ஒவ்வொரு முனையிலும் தேர் வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். அங்கே இரும்புத் தகடுகளைப் போட்டு, சக்கரம் வழுக்கக் கிரீஸ் தடவுவார்கள். பத்தியாளர் வீட்டு முற்றத்தில் தரை ஓட்டை வைத்துச் செய்ததும் அதே வேலைதான்.

இன்று திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் ஆழித்தேருக்கு இருக்கின்றன. பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. கட்டை போடுகிறவர்களின் வேலை மட்டும் தீர்ந்துவிடவில்லை.

அவர்கள் இல்லாவிட்டால் தேர் வீதியோரத்து வீட்டுத் திண்ணையில் ஏறும். அப்படிப்பட்ட கருவியின் பெயரைத்தான் வேலையைக் கெடுப்பவருக்கு வைத்திருக்கிறோம். "முட்டுக்கொடுப்பது" என்ற சொல்லுக்கும் இதே கதி. சரியும் சுவரைத் தாங்கிப் பிடிக்கிற காரியம், இன்று அரசியல் மேடையில் வசைச்சொல். தமிழில் தலைப்பு எழுதும் நண்பர்களிடம் பத்தியாளரின் வேண்டுகோள் ஒன்றுதான். தடை என்றால் தடை என்றே எழுதுங்கள். இரண்டே எழுத்து, இடமும் மிச்சம்.

மாலையில் லாக் நட்டுகளை இறுக்கிவிட்டு, பக்கத்து மைதானத்தைச் சுற்றி வந்தார். கோடு 12இல் நின்றது. மறுவாரம் வேறொரு கடையில் ஸ்டியரிங்கை நடுவில் பூட்டச் சொல்லி, இயந்திரத்திலும் ஒருமுறை சரிபார்க்கப் போகிறார். புளியங்கட்டைகள் டிக்கியில் இருக்கின்றன. வரும் பங்குனியில் திருவாரூர் போகும்போது வடத்தின் பக்கம் போவதாக இல்லை. கீழ வீதி முனையில், கட்டையைத் தோளில் சுமந்து நிற்பவர்கள் அருகே இடம் கிடைக்குமா என்று உறவினரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.