மருந்து அடிப்பவரின் நுரையீரல்

வார இறுதியில் கியா பார்ம் சந்தைக்கு வருபவர்கள் முதலில் புகழ்வது இங்குள்ள காற்றைத்தான். ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு மாலைக்குள் மலை இறங்கிவிடுகிறார்கள். இதே மலைச்சரிவில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிப்பவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்? படிவம் 4இல் உயிரியல் படித்தவர்களாவது இதைக் கேட்க வேண்டும்.

சுவாச மண்டலப் பாடத்தை நான் மலாயில் மனப்பாடம் செய்து எழுதியவன். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அத்தைக்கு அதைத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது.

காற்றை நாம் உறிஞ்சுவதில்லை. உதரவிதானம் கீழிறங்கி, விலா எலும்புகள் மேலெழும்பி, மார்பறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் காற்று தானாக நுழைகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர், நிமிடத்திற்கு 12 முதல் 16 மூச்சு. பதினாறு லிட்டர் பம்பை நிரப்பிக்கொண்டு மேட்டில் ஏறினால் அந்த அளவு பல மடங்காகும். வாயாலும் மூச்சு வாங்குவோம். மூக்கின் முடியும் சளியும் செய்யும் காவல் அங்கேயே பாதி போய்விடுகிறது.

பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் படியும். அவற்றைவிடச் சிறியவற்றை மூச்சுக்குழாயின் சளி பிடித்துக்கொள்ள, நுண்மயிர்கள் மேலே தள்ளிவிடும். மிக நுண்ணிய துளிகளும் ஆவியும் காற்றுப்பைகள் வரை போகும். அங்கே நுண்மயிர் இல்லை. முப்பது கோடிக்கும் மேற்பட்ட அந்தப் பைகளை விரித்தால் ஒரு பூப்பந்து ஆடுகளத்தை நெருங்கும் பரப்பு வரும். சுவரின் தடிப்போ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உயிர்வளி எளிதாக இரத்தத்தில் கலப்பதற்கான இந்த ஏற்பாடே நஞ்சுக்கும் வழிவிடுகிறது. நெகிழிக் கூரைக்குக் கீழே அடிக்கும்போது ஆவி எளிதில் கலைவதும் இல்லை.

முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் நஞ்சை மூக்கருகிலேயே வைத்திருக்கும். கரி வடிகட்டி பொருத்திய முகமூடிதான் தேவை. பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்றே சொல்லிப் பழகியதால்தானோ என்னவோ, நமக்குப் பயமும் குறைந்துவிட்டது.

பராகுவாட் களைக்கொல்லியின் கதை இன்னும் மோசம். தோல் புண் வழியாகவோ வாய் வழியாகவோ உடலுக்குள் போனாலும் நுரையீரல் செல்கள் அதை இரத்தத்திலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்குள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து அது திசுவைச் சிதைக்கிறது. பிறகு நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. மாற்று மருந்து கிடையாது. தோட்டங்களில் மருந்து அடித்த பெண்களின் நிலையை 2002இல் தெனாகனித்தா அமைப்பு ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அடித்தவர்களில் நம் பாட்டிமார்களும் உண்டு.

பராகுவாட் போனாலும் மற்ற நஞ்சுகள் இருக்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் மூச்சுக்கிளைகளைச் சுருக்கும், சளியைப் பெருக்கும். அளவு மீறினால் உதரவிதானமே செயலிழக்கும். தலைவலி, கண்ணீர், நெஞ்சு இறுக்கம் என்று வீட்டுக்கு வருபவரிடம் "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அன்று எதை அடித்தார் என்று கேட்டு, அந்தப் போத்தலின் சீட்டைப் படம் பிடித்துக் கிளினிக்கில் காட்டுங்கள்.

நல்ல முகமூடி கேட்கலாமே என்றேன் அத்தையிடம். "கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றார். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அச்சட்டப்படி கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் முதலாளி காசு பிடிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவைத் தமிழில் எழுதி அத்தையின் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன்.